பின்னிருக்கை

காரின் முன்சீட்டில் ஏற்கெனவே ஆள் இருந்தது. திருச்செந்தூர் பேருந்து நிலையத்துக்கு வெளியே இளநீர் வண்டியை ஒட்டி நின்ற அந்த வெள்ளைக் காரைச் சண்பகவல்லி தூரத்திலேயே கண்டுகொண்டுவிட்டாள். சிந்துஜா போனில் அனுப்பிய படத்தில் இருந்ததே, அதே கார்தான். ஆனால் படத்தில் காருக்குள் யாரும் இல்லை, அதனால் கோவில்பட்டியிலிருந்து பஸ்ஸில் வந்த நேரம் முழுக்க அவள் அந்த வெறும் முன்சீட்டில் தன்னை உட்கார வைத்துப் பார்த்துக்கொண்டே வந்திருந்தாள். மகள் ஓட்டுவாள், இவள் பக்கத்தில் இருப்பாள், மடியில் காரச் சீவல் டப்பா இருக்கும், ஓட்டுகிறவளுக்குக் கை ஒழியாதல்லவா, ஒவ்வொன்றாக எடுத்து வாயில் கொடுப்பாள். ஒரு நாள் முழுக்கச் சுத்துவோம்மா, கடற்கரை ஓரமாவே போயி, முட்டம் பாத்துட்டு, மலைப்பக்கம் ஏறி, பேச்சிப்பாறை அணையப் பாத்துட்டு நாகர்கோவிலுக்குப் போயிருவோம் என்று சிந்துஜா போனில் சொன்னபோது, அந்தச் சுத்துவோமில் எத்தனை பேர் என்று இவளுக்குக் கேட்கத் தோன்றவில்லை. கிட்டே போனதும் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு தங்கக் கம்பிக் கண்ணாடி, கத்தரிப்பூ நிறச் சேலை, சம்பந்தி ரத்னபாய். வாருங்க மைனி என்று அவள் கண்ணாடியை இறக்கிக் கையை நீட்டினாள், பின்னால உக்காந்தா எனக்குத் தலை கறங்கும், ஒண்ணும் நினைக்காதிய என்றாள். என்ன மதினி இதுல நினைக்க இருக்கு என்று சண்பகவல்லி சிரித்தாள், சிரித்தபடியே பின்கதவைத் திறந்து ஏறினாள், ஏறும்போது தலையை இடித்துக்கொண்டாள், வலித்ததைச் சொல்லவில்லை. பாத்தும்மா என்றாள் சிந்துஜா, திரும்பாமல், கண்ணாடியில் பார்த்து. பின்னிருக்கையிலிருந்து மகள் என்று தெரிந்ததெல்லாம் கொண்டை போட்ட தலைமுடி, ஒரு காது, அப்புறம் அந்தச் சின்னக் கண்ணாடிக்குள் இரண்டு கண்கள், அதுவும் சாலையைப் பார்க்கிற கண்கள், பின்னால் லாரி வருகிறதா என்று பார்ப்பதற்காக எப்போதாவது இவள் மேல் பட்டுத் தாண்டிப் போகிற கண்கள்.

ஊரைத் தாண்டியதும் பனைகள் வந்தன, செம்மண் மேடுகள் வந்தன, மேடுகளுக்கு நடுவே திடீர் திடீரென்று ஒரு நீலக்கீற்று தெரிந்து மறைந்தது. கடல். சண்பகவல்லி வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். கடலோ மலையோ உயரமோ ஆழமோ எதுவாக இருந்தாலும் அவளுக்கு முதலில் வயிற்றில்தான் தெரியும், அதுவும் தனக்காக இல்லை, சிந்துவுக்காக. மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்த கணவர் ஒரு மழைநாளில் கம்பத்தில் ஏறினவர் ஏறினவர்தான். அந்த வேலைக்குப் பதிலாக இவளுக்கு அதே வாரியத்தில் ஒரு நாற்காலி கொடுத்தார்கள், அந்த நாற்காலியில் உட்கார்ந்து பகல் முழுக்க அவள் செய்தது ஒரே வேலை, பள்ளிக்கூடத்துக்குப் போன பிள்ளை திரும்பி வந்துவிட்டதா என்று நினைப்பது. சைக்கிள் வாங்கிக் கொடுத்தாள், மினிபஸ் ஒன்று வேறு யாரோ ஒரு பையனைத் தட்டிவிட்டுப் போனதைப் பார்த்த அன்றே அதைப் பூட்டிச் சாவியைப் பீரோவுக்குள் போட்டாள். சுனாமிக்குப் பிறகு கடற்கரைச் சுற்றுலா என்றால் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பள்ளிக்கூடத்துக்குச் சொல்லிவிடுவாள். பஸ்ஸில் ஏறினாலே வாந்தி எடுக்கிற பிள்ளை, எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு இவள் மடியில் சுருண்டு கிடந்த பிள்ளை, அந்தப் பிள்ளை இப்போது ஒற்றைக் கையால் ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டு எதிரே வரும் மணல் லாரிக்கு ஒதுங்கிக் கொடுக்கிறது, மற்றக் கையால் கண்ணாடியை இறக்கிவிட்டு உப்புக்காற்றை உள்ளே விடுகிறது. யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டாள். ஓட்டுநர் பயிற்சிக்காரர்தாம்மா, ஆனா தினமும் காலையில மாமிதான் பக்கத்துல உக்காந்து வருவாங்க, நான் ரெண்டு தடவ மதில்ல மோதியிருக்கேன், மாமி அசையவே இல்ல என்று சிந்துஜா சொல்லிச் சிரித்தாள், ரத்னபாயும் குலுங்கிச் சிரித்தாள், இடிச்சா இடிக்கட்டும், மதில் நம்மளுக்குத்தானே, கெட்டிக்கிடலாம். அந்தச் சிரிப்பு இரண்டு பேருக்குள்ளும் ஏற்கெனவே பல தடவை சிரித்துப் பழகிய சிரிப்பு என்று சண்பகவல்லிக்குத் தெரிந்தது, புதுத்துணி மாதிரி இல்லை, துவைத்துத் துவைத்து மென்மையான துணி மாதிரி. மாமி. கோவில்பட்டியில் அத்தை என்றுதான் சொல்வோம். கல்யாணமான புதிதில் சிந்துஜாவும் அத்தை என்றுதான் சொன்னாள், எப்போது மாறியது, யாரும் சொல்லித் திருத்தினார்களா, இல்லை ஒரு நாள் நாக்கு தானாகப் புரண்டுகொண்டதா.

மணப்பாட்டில் இறங்கினார்கள். மணல் குன்றின் மேலே சிலுவைக் கோவில், கீழே கடல் மூன்று பக்கமும் வந்து அடித்துக்கொண்டிருந்தது, காற்று சேலையைப் பிடுங்கியது. சிந்துஜா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பாறைகளின் பக்கம் ஓடப் பார்த்தாள், அப்போது ரத்னபாய், ஓடாத மக்ளே, பைய நட என்றாள். சிந்துஜா நின்றாள். அதுதான் சண்பகவல்லிக்கு முதலில் தைத்தது. ஓடாதே என்று அவள் வாழ்நாள் முழுக்கச் சொல்லியிருக்கிறாள், அந்த ஒரு சொல்லைச் சொல்லிச் சொல்லியே தொண்டை கட்டியிருக்கிறது, ஒரு தடவைகூட அந்தப் பெண் நின்றதில்லை, ஓடிக்கொண்டேதான் போம்மா என்பாள். ரத்னபாய் சொன்னால் நிற்கிறாள். அதுவும் முகத்தைச் சுளிக்காமல், சரி மாமி என்று, பையப் பைய நடந்து, மணலில் ஒவ்வோர் அடியாக வைத்து. மக்ளே. அது ஒரு சொல்லா, நாகர்கோவில் பக்கம் காய்கறிக்காரியைக்கூட அப்படித்தான் கூப்பிடுவார்கள், அதில் என்ன இருக்கிறது. ஆனால் தன் மகளை இன்னொருத்தி மகளே என்று கூப்பிட, அதற்கு அவள் திரும்பிப் பார்க்க, பார்த்துக்கொண்டு நிற்கிற தாய்க்கு இந்த உலகத்தில் என்ன பெயர். சண்பகவல்லி காற்றுக்குக் கண்ணை மூடிக்கொண்டாள், மணல் விழுந்துவிட்டது என்று சொன்னாள், உண்மையாகவே விழுந்துதான் இருந்தது.

உவரி போனது, காற்றாலைகள் வந்தன, பெரிய பெரிய கைகளை வீசிக்கொண்டு எதையோ தொடர்ந்து மறுத்துக்கொண்டே நின்றன, கன்னியாகுமரிக்குள் நுழையாமல் சுற்றிக்கொண்டு போனார்கள், மணக்குடிப் பாலத்தில் ஆறும் கடலும் கலக்கிற இடத்தில் சிந்துஜா வண்டியை மெதுவாக விட்டாள், வெள்ளைப் பறவைகள் தண்ணீரில் தங்கள் நிழலின் மேலேயே நின்றன, இதெல்லாம் அழகு என்று சண்பகவல்லிக்குத் தெரிந்தது, தெரிந்ததே தவிர உள்ளே போகவில்லை, ஏனென்றால் அவள் மகளின் காதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காதின் மேல்மடலில் இன்னொரு துளை, அதில் ஒரு பொட்டுக் கல். பத்தாவது படிக்கும்போது அழுது கேட்டது, சீழ் பிடிக்கும் என்று இவள் மறுத்தது. எப்ப குத்துன என்று கேட்க வாயெடுத்தாள், அதற்குள் ஒரு பள்ளம் வந்தது, குழி, பாத்து, பைய என்று ரத்னபாயின் வலது கை தன்னையறியாமல் நீண்டு சிந்துஜாவின் வயிற்றுக்கு முன்னால் ஒரு குறுக்குக் கம்பி மாதிரி நின்றது, பள்ளம் தாண்டியதும் ஒன்றும் நடக்காதது போல் மடிக்குத் திரும்பியது. சண்பகவல்லியின் மனசு அந்தக் கையின் மேல் போய் உட்கார்ந்துகொண்டது. ஓடாதே. பைய நட. குழி. வயிற்றுக்கு முன்னால் ஒரு கை. முட்டத்தில் கடலைப் பார்த்த ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தபோது அவள் சாப்பிடவில்லை, பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டில் நெத்திலியைக் கண்டாலே மூக்கைப் பொத்துகிற சிந்துஜா இங்கே நெய்மீன் துண்டிலிருந்து முள்ளெடுத்து ரத்னபாயின் இலையில் வைத்தாள், மாமிக்குக் கண்ணு சரியாத் தெரியாதும்மா என்று இவளுக்கு விளக்கம் வேறு. ரத்னபாய் தன் இலையில் வந்த மீன்சினையை அப்படியே எடுத்துச் சிந்துஜாவின் சோற்றில் வைத்தாள், ரத்தத்துக்கு நல்லது. கை கழுவி வந்ததும் பையைத் திறந்து, குளிகை தின்னணும்லா மக்ளே என்று ஒரு மாத்திரையை உள்ளங்கையில் வைத்து நீட்டினாள், சிந்துஜா தண்ணீர்கூட இல்லாமல் விழுங்கிவிட்டு, அம்மா பார்க்கிறாளா என்று ஒரு பார்வை பார்த்தாள். அம்மா பார்த்தாள். அந்தப் பார்வையில் சண்பகவல்லிக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

உண்டாகியிருக்கிறாள். என் பெண் உண்டாகியிருக்கிறாள், எனக்குச் சொல்லவில்லை. கார் கடலை விட்டு உள்நாட்டுப் பக்கம் திரும்பியது, வாழைத் தோப்புகள், தாமரைக் குளங்கள், குளத்துக்குப் பின்னால் குளம், அவற்றின் பின்னால் மலைகள் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்துகொண்டு நீலமாக எழுந்தன, சண்பகவல்லியின் நெஞ்சுக்குள் இரண்டு குதிரைகள் எதிரெதிராக இழுத்தன. ஒன்று சந்தோஷம், அதைச் சொல்லி முடியாது, வண்டியை நிறுத்து என்று கத்த வேண்டும்போல் இருந்தது, இறங்கி அந்தக் குளத்துத் தாமரையையெல்லாம் பறித்து வந்து அவள் தலையில் கொட்ட வேண்டும்போல். இன்னொன்று, அந்தக் கண்ணாடிக்காரிக்கு முதலில் தெரியும். என்றைக்குத் தெரியும், குளித்துக்கொண்டிருந்தவள் வெளியே வந்து மாமி என்று கூப்பிட்டிருப்பாளா, இவள் அடுப்பை அணைத்துவிட்டு ஓடியிருப்பாளா, கட்டிப்பிடித்திருப்பார்களா. மாப்பிள்ளை சஜினுக்குக் கப்பலில் வேலை, வருஷத்தில் பாதி நாள் கடலில் இருக்கிறவன், அதனால் அந்த வீட்டில் இருப்பது இவர்கள் இரண்டு பேரும் வாழைத்தோட்டமே கதி என்று கிடக்கிற மாமனாரும்தான், சொல்ல வேறு ஆளில்லாமல் சொல்லியிருப்பாள், அப்படித்தான், பக்கத்தில் யார் இருந்தாலும் சொல்லத்தானே செய்வாள், அதில் ஒன்றும் இல்லை, போன் என்று ஒன்று இருக்கிறதே, எடுத்து அமுக்கினால் கோவில்பட்டி. இல்லை, நேரில் சொல்லலாம் என்று இருந்திருப்பாள். அதற்குத்தான் இந்தச் சுற்றுலா. அப்படியென்றால் எதற்கு மாமியாரும். சண்பகவல்லி கணக்குப் போட்டாள், ஏழாம் மாதம் வளைகாப்பு, அதற்குப் பிறகு பிள்ளைபெற என்ன ஆனாலும் தாய்வீடுதான், அதை எந்த ரத்னபாயும் மாற்ற முடியாது, அது ஊர் வழக்கம், உலக வழக்கம். அந்த நினைப்பு வந்ததும் அவளுக்குள் ஒரு விளக்கு எரிந்தது. முன்னறையைக் காலி பண்ணலாம், பீரோவைக் கூடத்துக்குத் தள்ளலாம், ஜன்னல் பக்கம் கட்டில், மேலே கொக்கியில் தொட்டில். ரத்னபாய் வருவாள், பார்க்க வருவாள், விருந்தாளியாக, பழத்தோடு வருவாள், கூடத்து நாற்காலியில் உட்காரச் சொல்லி இவள் காப்பி கொடுப்பாள், குழந்தை தூங்குது மதினி, முழிச்சதும் பாருங்க என்று மெதுவாகச் சொல்வாள், மெதுவாகத்தான், மரியாதையாகத்தான். ரப்பர் தோட்டங்கள் வந்தன, ஒவ்வொரு மரத்திலும் ஒரு சிரட்டை கட்டி வைத்திருந்தார்கள், அதில் வெள்ளையாகப் பால் சொட்டிக்கொண்டிருந்தது, முன்னால் இருவரும் எதற்கோ சிரித்தார்கள், சிரிக்கட்டும் என்று சண்பகவல்லி பெருந்தன்மையாக நினைத்தாள், சாலையின் வளைவுகளில் அவளுடைய மடியில் ஏற்கெனவே ஒரு பாரம் இருந்தது, அதை அவள் இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்திருந்தாள்.

பேச்சிப்பாறையில் தண்ணீர் கரையை முட்டிக்கொண்டு நின்றது. அத்தனை மலைகளையும் தலைகீழாக உள்ளே வாங்கிக்கொண்டு அசையாமல் கிடந்தது. ரத்னபாய் காரை விட்டு இறங்கவில்லை, முட்டு வலிக்குது, நான் இப்படியே இருக்கேன், நீங்க ரெண்டு பேரும் நடந்துட்டு வாருங்க என்றாள், சொல்லும்போது சிந்துஜாவை ஒரு பார்வை பார்த்தாள். சண்பகவல்லி அந்தப் பார்வையைக் கவனித்தாள், அதைத் தனக்குக் கிடைத்த வெற்றியாக எடுத்துக்கொண்டாள், சொல்ல வேண்டியதை இவளிடம் சொல் என்று அவளே விலகிக்கொள்கிறாள், விலகித்தானே ஆக வேண்டும். தாயும் மகளும் தண்ணீரோரமாக நடந்தார்கள். சிந்துஜா குனிந்தாள். ஒரு கல்லை எடுத்தாள், எறியாமல் கையிலேயே உருட்டினாள். சண்பகவல்லிக்குப் பொறுக்கவில்லை. அவள் சொல்கிற வரைக்கும் காத்திருந்தால் இவள் ரத்னபாய்க்குத் தெரிந்த பிறகு தெரிந்தவளாகிவிடுவாள், தானாகவே கண்டுபிடித்துவிட்டால் அது வேறு, பெற்றவளுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை என்று ஆகிவிடும். அதனால் முகத்தில் ஒரு கள்ளச் சிரிப்போடு கேட்டாள்.

“எத்தனையாவது மாசம்?”

சிந்துஜா நின்றாள். எதும்மா என்றாள். மறைக்காத, எனக்கும் கண்ணு இருக்கு, காலையில இருந்து பாத்துக்கிட்டுத்தான வாரேன் என்றாள் சண்பகவல்லி, இன்னும் சிரித்துக்கொண்டு. சிந்துஜாவின் முகத்தில் அப்போது வந்ததை அவள் முதலில் வெட்கம் என்று நினைத்தாள், வெட்கம் இவ்வளவு வெளுப்பாக இருக்குமா என்றும் நினைத்தாள்.

“இல்லம்மா. இருந்துச்சு. ஐப்பசியில போயிருச்சு.”

தண்ணீர் அப்படியே இருந்தது. எங்கேயோ ஒரு தவளையோ பறவையோ, ஏதோ ஒன்று ஒரு தடவை கத்தி நிறுத்தியது. சண்பகவல்லியின் வாயிலிருந்து ஒரு கேள்வி வந்தது, அவள் கேட்க நினைத்த கேள்வி இல்லை, எந்தத் தாயும் கேட்கிற கேள்வி இல்லை, ஆனால் காலையிலிருந்து அதுதான் நாக்கின் நுனியில் காத்துக்கொண்டிருந்தது, வாயைத் திறந்ததும் மற்ற எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு அதுதான் முதலில் வந்து விழுந்தது. மதினிக்குத் தெரியுமா என்று கேட்டாள். சிந்துஜா அவளைப் பார்த்தாள். கண்ணாடிக்குள் இருந்து பார்த்த பார்வை இல்லை, நேராக, நின்று, ஒரு வேற்றாளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். அவங்கதான ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாங்க என்றாள். பிறகு சொன்னாள், மெல்லிய குரலில், அணைத் தண்ணீரைப் பார்த்தபடி, இன்னைக்கு உன்கிட்டச் சொல்லணும்னுதான் கூப்பிட்டேன், இன்னும் சொல்லாம இருக்கது பாவம், பெத்த அம்மையில்லியான்னு மாமிதான் சொல்லிக்கிட்டே இருந்தாங்க, தனியா வந்தா சொல்லாமலே திரும்பிருவேன்னு நான்தான் அவங்களையும் கூட்டிட்டு வந்தேன். அதையும் அவள்தான் சொல்லச் சொன்னாளா என்று சண்பகவல்லிக்குள் ஒன்று முனகியது, இந்த நேரத்திலுமா என்று இன்னொன்று அதை அறைந்தது, அறை வாங்கியும் அது அடங்கவில்லை.

“ஏன் எங்கிட்டச் சொல்லல?”

“சொன்னா நீ அழுவ. நான் உன்னத் தேத்தணும். எப்பவும் அப்படித்தானம்மா. அன்னைக்கு எனக்கு அதுக்குத் தெம்பு இல்ல.”

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருக்கலாம். ஐப்பசி. ஐப்பசியில்தான் தீபாவளிக்கு வரவில்லை, கல்லூரியில் வேலை, லீவு இல்லை என்றாள். மாமியார் வீட்டுப் பலகாரம்தான் இப்பம்லாம் உனக்கு ருசிக்கும் என்று சண்பகவல்லி போனில் சொன்னாள், சொல்லிவிட்டு வைத்தாள், அதற்குப் பிறகு வந்த அழைப்புகளை எடுக்கவில்லை, கிடந்து அடிக்கட்டும், தெரியட்டும் என்று சமையலறையில் நின்று அடிக்கிற போனைப் பார்த்துக்கொண்டே நின்றாள், அதில் அவளுக்கு ஒரு சுகம்கூட இருந்தது. அந்த அழைப்புகளில் ஏதாவது ஒன்றில் சொல்ல நினைத்தாளோ. இல்லை, சொல்ல நினைத்திருக்க மாட்டாள், அது இன்னும் மோசம். அவர் போன அன்று வீடு முழுக்க ஆட்கள், இவள் சுவரில் தலையை முட்டிக்கொண்டு கிடந்தபோது பாவாடை கட்டின பிள்ளை பின்னால் வந்து உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொடுத்தது, அழாதம்மா, அழாதம்மா என்று சொல்லிக்கொண்டே இருந்தது. அந்த வயசிலேயே என்னத் தேத்துன பிள்ளை என்று வாரியத்தில், உறவில், பார்க்கிறவர்களிடமெல்லாம் எத்தனை பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். அப்பன் போன பிள்ளையை அன்றைக்கு யார் தடவிக்கொடுத்தார்கள். யாராவது கொடுத்திருப்பார்கள். கொடுத்திருப்பார்களா. ஞாபகத்தில் தேடிப் பார்த்தாள், அந்த வீட்டின் ஒவ்வொரு மூலையிலும் தேடிப் பார்த்தாள், பிள்ளை அவளுடைய முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது, அவள் திரும்பியே பார்க்கவில்லை. இப்போது அழுகை அடிவயிற்றிலிருந்து கிளம்பி வந்தது, அது வருகிற வழி அவளுக்கு நன்றாகத் தெரியும், வந்தால் சிந்துஜா கல்லைக் கீழே போட்டுவிட்டுக் கிட்டே வருவாள், தோளைப் பிடிப்பாள், ஒண்ணும் இல்லம்மா என்பாள். சண்பகவல்லி பல்லைக் கடித்தாள். எச்சிலை விழுங்கினாள். இப்ப வலி ஏதும் இருக்கா என்று கேட்டாள், தன் குரல் வேறு யாருடையதோ போலக் கேட்டது. இல்லம்மா. ரத்தம் கொறஞ்சிருக்கா. ஆமா, அதுக்குத்தான் மாத்திரை. தூங்குதியா. தூக்கம்தாம்மா வரல என்றாள் சிந்துஜா, கண்ண மூடுனா முழிப்பு வந்துருது. சண்பகவல்லி கையை நீட்டினாள், சிந்துஜா அந்தக் கையைப் பார்த்தாள், என்ன நினைத்தாளோ, உருட்டிக்கொண்டிருந்த கல்லை அதில் வைத்தாள். கல் சூடாக இருந்தது. அதைச் சண்பகவல்லி தண்ணீரில் போட்டாள், வளையங்கள் மலைகளைக் கலைத்துக்கொண்டு போயின, திரும்பி நடந்தார்கள்.

மலையிலிருந்து கார் இறங்கியது. ரத்னபாய் ஒரு தடவை திரும்பிச் சண்பகவல்லியைப் பார்த்தாள், தெரிந்துகொண்டாள், முன்னால் திரும்பிக்கொண்டாள். ரப்பர் தோட்டத்துக்குள் சாலை வளைந்து வளைந்து போயிற்று, வெயில் இலைகளின் வழியாகச் சல்லடை சல்லடையாக விழுந்தது. ஒரு வளைவைத் தாண்டியதும் சிந்துஜா வண்டியை ஓரம்கட்டி நிறுத்தினாள், கண்ணு சொருகுது மாமி, கொஞ்ச நேரம் என்றாள், சீட்டைப் பின்னால் சாய்த்தாள், சாய்த்த சீட்டு சண்பகவல்லியின் முழங்கால் வரைக்கும் வந்தது, மகளின் தலை கிட்டத்தட்ட அவள் மடிக்கு மேலேயே வந்து நின்றது. கன்னத்தில் கண்ணுக்குக் கீழே ஒரு நிழல் இருந்தது, காலையிலிருந்து அவள் பார்த்த காதிலும் கொண்டையிலும் அது தெரியவில்லை. மூச்சு நீளமாயிற்று. தூங்கிவிட்டாள், அவ்வளவு சீக்கிரம். இரண்டு பெண்களும் அசையாமல் இருந்தார்கள், பிறகு ரத்னபாய் சைகை காட்டினாள், காற்று வரட்டும் என்று கண்ணாடிகளை இறக்கிவிட்டு, கதவுகளைச் சாத்தாமல் ஒருக்களித்து வைத்துவிட்டு, திருடுகிறவர்கள் மாதிரி இரண்டு பேரும் இறங்கிச் சாலையோரத்தில் போய் நின்றார்கள். ரப்பர் பாலின் புளித்த வாடை வந்தது. சண்பகவல்லி சொன்னாள், அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க மதினி, எல்லாத்தையும் சொல்லுங்க. ரத்னபாய் சொன்னாள். தாழ்ந்த குரலில், காரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். நல்ல மழை, விடியக்காலம், கூப்பிட்ட ஆட்டோ வரவில்லை, பக்கத்து வீட்டுக்காரரின் வண்டியில்தான் போனார்கள், போர்வையைச் சுற்றிக் கொண்டுபோனாள், வழி முழுக்கச் சிந்துஜாவின் தலை அவள் தோளில் கிடந்தது, ஆஸ்பத்திரியில் தலையை வாரிப் பின்னிவிட்டாள், சேலையை மாற்றிவிட்டாள், பாலில் ரொட்டியைத் தோய்த்து ஊட்டினாள். ஒவ்வொன்றும் சண்பகவல்லியின் மேல் ஊசியாக இறங்கியது. அந்தத் தோள் என் தோளாக இருந்திருக்க வேண்டும், அந்தச் சீப்பு என் கையில் இருந்திருக்க வேண்டும், இந்தப் பொம்பளைக்கு என்ன பாத்தியதை, பெற்றாளா, வளர்த்தாளா. அப்படி நினைத்துக்கொண்டே இன்னும் சொல்லுங்க என்றாள், ஒன்றையும் விட்டுவிடாமல் கேட்டாள், என்ன சேலை, எந்தப் பக்கத்துத் தோள், ரொட்டி முழுதும் தின்றாளா. ஒரு வாய்கூட விடாமல் தின்ன வேண்டும்போல் இருந்தது அவளுக்கு அந்தக் கசப்பை. கடைசியில் கேட்கக் கூடாது என்று நினைத்திருந்ததையும் கேட்டாள்.

“என்னத் தேடுனாளா மதினி?”

ரத்னபாய் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்தாள். கண்ணாடி இல்லாத முகம் சின்னதாக, ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் முகம் மாதிரி இருந்தது.

“இல்ல மைனி. ஆரையும் தேடல்ல. சஜினக்கூட கேக்கல்ல. சுவரப் பாத்துக்கிட்டுக் கெடந்தா. நான் என்னெல்லாமோ பேசினேன், காதுல கொண்டாளா என்னமோ. எனக்குப் பேடியாப் போச்சு.”

ஆமாம் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அம்மா அம்மா என்றுதான் அனத்தினாள் என்று சொல்லியிருந்தால் என்ன குறைந்துவிடும், யார் போய் விசாரிக்கப் போகிறார்கள், எவளாக இருந்தாலும் அந்த நேரத்தில் அப்படித்தான் சொல்வாள், சண்பகவல்லியே சொல்லியிருப்பாள். சொல்லியிருந்தால் காலமெல்லாம் அதை வைத்துக் கும்பிட்டிருப்பாள், ஒரு நாளும் நம்பியிருக்க மாட்டாள். இவளும் பயந்திருக்கிறாள். மதில் இடிந்தாலும் அசையாதவள் அந்தச் சுவருக்கு முன்னால் பயந்திருக்கிறாள், அந்தப் பெண் இவளுக்கும் பிடிகொடுக்கவில்லை. அது ஆறுதலாக இருக்கிறதே என்று சண்பகவல்லிக்கு வெட்கமாக இருந்தது, வெட்கமாக இருந்தாலும் ஆறுதலாகத்தான் இருந்தது, மகளின் தனிமையில் போய் ஆறுதல் தேடுகிற மனசு என்ன மனசு. காருக்குள் சிந்துஜா வாயை லேசாகத் திறந்துகொண்டு தூங்கினாள், ஒரு கை நழுவிச் சீட்டுக்கும் கதவுக்கும் நடுவே தொங்கியது. அதை எடுத்து மேலே வைக்க வேண்டும் என்று இரண்டு பேருக்குமே தோன்றியது, இரண்டு பேரும் ஒரு அடி எடுத்து வைத்து, எழுந்துவிடுவாளோ என்று நின்றுவிட்டார்கள். அப்போது மேல்வளைவில் என்ஜின் சத்தம் கேட்டது. அரசுப் பேருந்து, மலையிலிருந்து இறங்கி வருவது, அந்த வளைவுக்கு வரும் எந்தப் பேருந்தும் நீளமாக ஹாரன் அடித்துக்கொண்டுதான் திரும்பும், அதன் மூக்கு மரங்களுக்கு இடையில் தெரிந்துவிட்டது. சண்பகவல்லி நடுச்சாலைக்கே வந்துவிட்டாள், கையைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினாள், இன்னொரு கையின் விரலை உதட்டில் வைத்தாள், பார்த்தால் பக்கத்தில் ரத்னபாய், முட்டுவலிக்காரி, அதே மாதிரி கையைத் தூக்கிக்கொண்டு, அதே மாதிரி விரலை உதட்டில் வைத்துக்கொண்டு. ஓட்டுநர் என்ன ஏது என்று தெரியாமல் வேகத்தைக் குறைத்தார். ஜன்னல்களில் தலைகள் எட்டிப் பார்த்தன. ஹாரனுக்குப் போன கையை அவர் எடுத்துக்கொண்டார், அத்தனை பெரிய வண்டி பூனை மாதிரி மெல்ல உருண்டு அவர்களைத் தாண்டி, காரைத் தாண்டி, அடுத்த வளைவில் இறங்கிப் போய்விட்டது. சிந்துஜா அசையவில்லை. ரத்னபாய் இன்னும் கையை இறக்கவில்லை. ஆனால் முதலில் எழுந்தது தன் கைதான், சண்பகவல்லிக்கு அதில் சந்தேகமே இல்லை.